பந்தியில் இடம் கேட்ட குரல் கோட்டை வரை கேட்டது!

மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோவில் அன்னதானப் பந்தி, 2021 அக்டோபரில் தமிழகத்தையே பேச வைத்தது.

சாப்பிட வந்த பூஞ்சேரி நரிக்குறவர் பெண்ணைப் பந்தியில் உட்கார விடவில்லையாம். மிச்சம் இருந்தால் வெளியே தருவதாகச் சொன்னார்களாம். அவர் குமுறிப் பேசிய வீடியோ ஊர் ஊராகப் பரவியது.

அக்டோபர் 29-ந் தேதி அறநிலையத்துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோவிலுக்கு வந்தார். அந்தப் பெண்ணோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார்.

ஒரு வாய்ச் சோற்றுக்கு இத்தனை வேகம் ஏன்?

கோவில் அன்னதானம், 2002-ல் ஜெயலலிதா ஆட்சி தொடங்கிய திட்டம். அறநிலையத்துறை கோவிலில் ஒருவரை எழுப்பி விட்டால், அரசாங்கமே எழுப்பி விட்ட மாதிரிதான். அதனால்தான் அமைச்சரே இலை முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

1947-லேயே சட்டம் போட்டுக் கோவில் கதவைத் திறந்தாச்சு. சேர்ந்து கும்பிடப் பழகியவர்களுக்குக் கூட, சேர்ந்து சாப்பிட இன்னும் மனசு வரவில்லை. சாதி கடைசியாகப் பதுங்கும் இடம் சாப்பாட்டு இலை!

நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நெடுநாள் கோரிக்கை அது.

சட்டம் வந்தாச்சு, பட்டாவும் வந்தாச்சு. அமைச்சரும் கேமராவும் வராத நாளில் அந்த இலை கிடைக்கிறதா? அதைப் பார்த்துக் கேட்க வேண்டியவர், பக்கத்து இலைக்காரர்தான்!