கிருமி அடங்கினால் போதுமா?

"எச்.ஐ.வி. கிருமி அடங்கிவிட்டது, இனிக் கவலை எதற்கு?" என்று கூறி நோயுற்றோரை அனுப்பிவிடுவோர் உளர். குருதியில் கிருமியைக் கணக்கிட்டதும் கடமை முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். அது பாதி உண்மை. பாதி உண்மை உயிரைக் காவாது.

1981இல் எய்ட்ஸ் முதன்முதலாக மருத்துவ ஏட்டில் பதிவானபோது, அதற்கு ஆளானோர் முதுமை காண்பர் என எவரும் எண்ணவில்லை. 1996இல் கூட்டு மருந்து முறை வந்தது, சாவு தள்ளிப்போயிற்று. இன்று அவர்கள் ஐம்பதையும் அறுபதையும் காண்கின்றனர். ஆங்கே மாரடைப்பு காத்திருக்கிறது. பிறரினும் அவர்கட்கு இதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்பது ஆய்வுகள் கண்ட முடிவு.

காரணம் யாது? "அவரவர் தீயொழுக்கமே" எனப் பழிப்பர் சிலர். புகைப்பழக்கம் கேடு செய்வது மெய். ஆயின், புகைக்காதவர்க்கும் இவ்விடர் உண்டே! மருந்துக்கு அடங்கிய கிருமி உடலைவிட்டு நீங்குவதில்லை. அதனால் நோயெதிர்ப்பாற்றல் ஓயாது கிளர்ந்து நிற்கிறது. அக்கிளர்ச்சியால் மூளும் அழற்சி குருதிக்குழாயின் உட்சுவரைச் சிதைத்து, கொழுப்பு படிய இடந்தருகிறது. இதில் ஒழுக்கத்தைப் பழிப்பது அறிவுடைமையா?

"மருந்துதான் குற்றவாளி, நிறுத்திவிடலாம்" என்பாரும் உளர். இது பெருந்தவறு. மருந்தை இடையிடையே நிறுத்தியோர்க்கே இறப்பும், இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கடுநோய்களும் மிகுந்தன என்று 2006இல் வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வு மெய்ப்பித்தது.

வழி இல்லாமலில்லை. இந்தியா, தாய்லாந்து உள்ளிட்ட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேரிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அவர்கள் வழக்கமான கணக்கின்படி இதய இடர் குறைந்தோராகவோ நடுத்தரமாக உடையோராகவோ கருதப்பட்டவர்கள். நாள்தோறும் பிட்டவாஸ்டாட்டின் மாத்திரை உண்டோர்க்கு, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் 35 விழுக்காடு குறைந்தன. நீரிழிவு சற்றே மிகுந்தது உண்மை. கண்காணித்தால் அதனை உரிய காலத்தில் கண்டறியலாம்.

ஆகவே, கிருமியை எண்ணும் மருத்துவர் குருதியழுத்தத்தையும் கொழுப்பையும் அளக்கட்டும். வகுப்பறைக்கும் இதில் பங்குண்டு. எச்.ஐ.வி.யைச் சாவு என்றும் வெட்கம் என்றும் மட்டுமே கற்பிக்கும் பாடம், நோயுற்றோரின் வாயை அடைக்கிறது. பழிக்கு அஞ்சி, இதய மருத்துவரிடம் தம் நோயை மறைப்பவர்க்கு எம்மருந்து துணைசெய்யும்? ஆசிரியர் உண்மையைக் கற்பிக்கட்டும். மாணவர் பழிச்சொல்லைக் கைவிடட்டும். நீட்டித்துத் தந்த வாழ்நாளை நெஞ்சுநோய்க்குப் பலிகொடுப்பது மருத்துவமும் அன்று; மனிதமும் அன்று.