கடலைக்காரர் படித்த பள்ளிக்கூடம்

அமெரிக்க ஜனாதிபதிகளில் சின்ன வயசிலேயே தெருவில் கடலை போட்டவர் ஜிம்மி கார்ட்டர். தப்பா நினைக்காதீங்க, நிஜக் கடலை! அப்பாவின் நிலத்தில் விளைந்த வேர்க்கடலையைப் பிடுங்கி, அலசி, உப்புப் போட்டு அவித்து, பொட்டலம் கட்டி, ஐந்தாறு வயதில் கடைவீதியில் விற்றிருக்கிறார்.

அந்த வீதி இருப்பது ஜார்ஜியா மாநிலத்தின் ப்ளெய்ன்ஸ் என்ற ஊரில். 2020 கணக்கெடுப்புப்படி மொத்த ஜனத்தொகை 573. நம்ம ஊர் கல்யாணத்தில் முதல் பந்திக்கே இதைவிடக் கூட்டம் வரும். அங்கே 13 அடி உயர வேர்க்கடலை ஒன்று, கார்ட்டர் மாதிரியே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறது. 1976 தேர்தலில் ஊர் ரயில்வே ஸ்டேஷன்தான் அவருடைய பிரசார ஆபீஸ். காரணம்? காலியாகக் கிடைத்த கட்டடங்களில் பாத்ரூம் இருந்தது அதில் மட்டும்தானாம்!

பார்வையாளர் மையம் எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடத்துக்குக் கை காட்டுகிறார்கள். கார்ட்டரும் அவர் மனைவி ரோசலினும் படித்த ப்ளெய்ன்ஸ் ஹைஸ்கூல். 1979-ல் மூடிவிட்டு, 1996-ல் மியூசியமாகத் திறந்தார்கள். உள்ளே ஒரு வகுப்பறையை அந்தக் காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நமக்கே வீட்டுப்பாடம் எழுதாத பயம் வருகிறது.

இங்கே ஜூலியா கோல்மன் என்று ஒரு டீச்சர். 12 வயதுப் பையனிடம் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைப் படிக்கச் சொன்னார். கௌபாய், செவ்விந்தியர் சண்டைக் கதையாக்கும் என்று ஆசையாகப் பிரித்தால், உள்ளே பூரா ரஷ்யர்கள்! ஆனாலும் பையன் டீச்சரை மறக்கவில்லை. 1977 பதவியேற்பு உரையிலும், 2002-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் அவர் பெயரைச் சொன்னார்.

அந்த டீச்சர் வகுப்பில் சொல்வாராம், நம் பள்ளிப் பையன்களில் யார் வேண்டுமானாலும் ஜனாதிபதி ஆகலாம் என்று. ஒருத்தர் ஆகியும் காட்டிவிட்டார். கைதட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம். எனக்கு அந்த 'யார் வேண்டுமானாலும்'தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

ஏனென்றால் அது அப்போது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளிக்கூடம். கார்ட்டர் வளர்ந்த ஆர்ச்சரி கிராமத்தில் அவருடைய கூட்டாளிகளோ கறுப்பினப் பையன்கள். மீன் பிடிக்க, வயலில் வேலை செய்ய, சண்டை போட எல்லாம் சேர்ந்தேதான். ஸ்கூல் மட்டும் வேறு வேறு.

14 வயது வாக்கில் ஒருநாள் வயலிலிருந்து திரும்பும்போது, கூட வந்த இரண்டு சிநேகிதர்கள் கேட்டைத் திறந்துவிட்டு, 'நீ முதலில் போ' என்பதுபோல ஒதுங்கி நின்றார்களாம். ஏதோ விளையாட்டு, தடுக்கி விழ வைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் கார்ட்டர் நினைத்திருக்கிறார். அது விளையாட்டு இல்லை, பழைய சிநேகம் அந்த கேட்டோடு முடிந்தது என்று பிற்பாடுதான் புரிந்ததாக எழுதியிருக்கிறார்.

1971-ல் ஜார்ஜியா கவர்னரானபோது, நிறபேதத்தின் காலம் முடிந்துவிட்டது என்று பளிச்சென்று சொன்னார். தெற்கே அப்போது அதற்குத் தைரியம் வேண்டும். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்றபோது, 84 வயதுக் கார்ட்டர் மேடையில் இருந்தார். 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயதில் காலமானார்.

கேட்டருகே ஒதுங்கி நின்ற அந்த இரண்டு பையன்களுக்கு எந்த டீச்சராவது 'நீயும் ஜனாதிபதி ஆகலாம்டா' என்று சொல்லியிருப்பாரா? மியூசியங்களில் வந்தவர்களின் போட்டோதான் மாட்டுவார்கள். உள்ளே வரவிடாமல் வெளியே நின்றவர்களுக்கு ஏது போட்டோ?