பால்மரத்து ஊரில் பிரேக் ஆயில்

மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போ பக்கம் போனால் ஜெலாப்பாங் வரை இறக்கம்தான். முன்னால் பெரிய லோரி ஒன்று முக்கி முனகி இறங்கும், பின்னால் அவசரக்காரன் ஒருவன் லைட் அடிப்பான். நம் கால் பிரேக்கை விட்டு எழாது. மறுபக்கம், தைப்பிங்குக்குப் பழைய சாலையில் போகலாமென்றால் பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் வளைவுகள். கோலா கங்சாரில் இருப்பவன் வெளியூர் போய் வந்தால் பிரேக்கைச் சூடாக்காமல் திரும்ப முடியாது.

ஆனாலும் வொர்க்‌ஷாப்பில் நம்மாட்கள் கேட்பதைக் கவனியுங்கள். என்ஜின் ஆயில் எந்த பிராண்ட், ஏர்கோண்ட் ஏன் குளிரவில்லை, டயரில் இன்னும் எவ்வளவு பூ இருக்கிறது. பிரேக் பேட் தேய்ந்துவிட்டதா என்றுகூடக் கேட்பார்கள். பிரேக் ஆயிலை எப்போது மாற்றினோம் என்று கேட்பவர் அபூர்வம். வாங்கிய நாளிலிருந்து ஒரே ஆயிலில் ஓடும் காடிகள் நம் தாமான்களில் எத்தனையோ.

கால் பெடலில் கொடுக்கும் அழுத்தத்தை நான்கு சக்கரத்துக்கும் கொண்டுபோவது அந்த ஆயில்தான். திரவம் அமுங்காது, அதனால்தான் வேலை நடக்கிறது. ஆனால் இன்றைய காடிகளில் இருக்கும் கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியைத் திறக்கவே வேண்டாம். ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் கசிந்து போகும். புதிய டாட் 3 தர ஆயில் குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு விதி கேட்பதே 140, 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் பழுக்கும்போது காலிப்பரில் இருக்கும் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும். பெடல் சும்மா தரை வரை போகும், காடி நிற்காது. கொஞ்சம் ஆறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பதால், மறுநாள் வொர்க்‌ஷாப்பில் காட்டினால் கோளாறே தெரியாது.

பல தயாரிப்பாளர்கள் இதற்குச் சொல்லும் கணக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். வறண்ட நாட்டுக்காரன் கொஞ்சம் தள்ளிப்போட்டால்கூட மன்னிக்கலாம். தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் தைப்பிங்கைப் பக்கத்து ஊராக வைத்துக்கொண்டு நாம் தள்ளிப்போடுவது தைரியம் இல்லை, அசட்டுத்தனம்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பழைய பங்கும் உண்டு. 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது ரப்பர் கன்றுகளைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ இங்கேதான் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. பிறகு பால்மரக் காடுகள் எழுந்து நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய பால் உலகம் முழுக்கப் போனது. அமெரிக்காவின் டூசன்பர்க் கம்பெனி 1921-இல் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்த காடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப கால ஹைட்ராலிக் பிரேக்குகள் பலவற்றில் கசிவைத் தடுத்தவை இயற்கை ரப்பரில் செய்த சீல்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிவிடும். அதனால் அந்நாளைய பிரேக் ஆயிலை எதில் செய்தார்கள் தெரியுமா? விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்து. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான்.

இன்றைய சீல்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பர். ஆனால் அந்தப் பழைய விதி மாறவில்லை. ஆயில் குறைந்திருக்கிறதே என்று என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீரிங் ஆயிலையோ பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றினால் சீல்கள் அத்தனையும் ஊதிப் போகும். ஒரு கரண்டி போதும், மாஸ்டர் பம்ப்பிலிருந்து சக்கரம் வரை எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும்.

பிரேக் ஆயில் மாற்றும் வேலையை வீட்டில் செய்யலாமா? செய்யலாம் என்பேன், கையில் பழக்கம் இருந்தால். வொர்க்‌ஷாப்பில் கொடுத்தால் போதாதா என்பவர்களுக்கு ஒரு அனுபவம். ஓர் இடத்தில் காடியை விட்டுவிட்டு தே தாரிக் குடித்து வருவதற்குள் "மாத்தியாச்சிண்ணே" என்றார் தம்பி. நான்கு டயரும் கழற்றின அடையாளமே இல்லை. டப்பாவில் இருந்ததை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றியிருக்கிறார். கொதிக்கும் இடம் காலிப்பர். அங்கே பழசு அப்படியே கிடந்தது. அதன் பிறகு இந்த வேலை எங்கள் போர்ச்சில்தான் நடக்கிறது.

முதலில் மூடியில் எந்த டாட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். டாட் 3 இருந்த இடத்தில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கான், அது வேறு ஜாதி, கிட்டவே சேர்க்காதீர்கள். சீல் உடைக்காத புதுப் போத்தலாக வாங்குங்கள், சாதாரணக் காடிக்கு ஒரு லிட்டர் தாராளம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜெக்கை மட்டும் நம்பாமல் ஸ்டேண்ட் வைத்துத் தூக்க வேண்டும். டப்பாவில் உள்ள பழசை ஊசியால் உறிஞ்சி எடுத்துப் புதுசை நிரப்புங்கள். மாஸ்டர் பம்ப்புக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் நாட்டுக் காடியில் அது பின் இடது. சில மாடல்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் நிப்பிளில், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய போத்தலுக்குள் விடுங்கள். உள்ளே ஒருவர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது மனைவியின் வேலை, கட்டளையும் அவருடையதே. அவர் பெடலை மெதுவாக அமுக்கி "பிடிச்சிட்டேன்" என்பார். நான் நிப்பிளைத் திறப்பேன், தே ஓ நிறத்தில் பழசு வரும். நான் மூடி "விடு" என்ற பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். வெளிர் மஞ்சளாக, குமிழி இல்லாமல் வரும் வரை இதேதான். நடுநடுவே டப்பாவைப் பாருங்கள். அது காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய காடிக்கு ஒரு எச்சரிக்கை: பெடலுக்கு அடியில் கட்டைத் துண்டு வையுங்கள். தரை வரை அமுக்கினால் மாஸ்டர் பம்ப்பின் சீல் என்றும் போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போய்க் கிழியும். நேற்று நன்றாக இருந்த பம்ப் இன்று ஒழுகும் கதை அப்படித்தான் வருகிறது. ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், தேய்க்காதீர்கள். வேலை முடிந்தும் பெடல் பஞ்சு போல மெத்தென்று இருந்தால் காடியை ரோட்டுக்கு எடுக்கவே கூடாது. தெரிந்த ஃபோர்மனை வீட்டுக்கு அழையுங்கள். ஏபிஎஸ் யூனிட்டைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றும் நினைக்காதீர்கள். 1994-இல் தொடங்கிய வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம், லோரி பஸ்களைத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறது. சொந்தக் காடி, பெயர் மாற்றும்போது போன்ற சில வேளைகளில்தான் அங்கே போகும். இருபது வயது வீராவோ கஞ்சிலோ ஒரே வீட்டில் இருந்தால் அதன் பிரேக்கை எந்த அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார். இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது என் கருத்து. அது நடக்கும் வரை, சாலை வரி புதுப்பிக்கும் நாளில் பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும் சேர்த்துப் பாருங்கள்.

மீதியிருக்கும் புது ஆயிலை அடுத்த முறைக்கு என்று பத்திரப்படுத்த வேண்டாம், திறந்த போத்தல் ஈரம் குடித்துவிடும். பழையது விஷம். பிள்ளைகள், பூனைகள் கைக்கு எட்டாமல் தனிப் போத்தலில் மூடி, கழிவு ஆயில் எடுக்கும் வொர்க்‌ஷாப்பில் பிரேக் ஆயில் என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டு லோங்காங்கில் ஊற்றிவிடாதீர்கள், அது பேராக் ஆற்றுக்குத்தான் போகும்.