மெல்லச் செல்லும் வீடு



ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தென்கடலை ஒட்டி வளைந்து செல்கிறது 'கிரேட் ஓஷன் ரோடு'. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள், உயிர்நீத்த தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை உழைத்து அமைத்த சாலை அது. ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஒரே நாளில் கடந்துவிடலாம். ஆயினும், படுக்கையும் அடுப்பும் கொண்ட காரவன் வண்டியைக் காரின் பின்னே பூட்டிக்கொண்டு, நாளுக்குச் சிறிது தொலைவே செல்லும் குடும்பங்கள் உண்டு.

விரைபவர் காணாததை அவர்கள் காண்கின்றனர். யூகலிப்டஸ் மரக்கவட்டில் நாளின் பெரும்பகுதியும் உறங்கும் கோலா. ஆங்கிள்சீ ஊரின் கோல்ஃப் மைதானத்தில் மேயும் கங்காருக்கள். 'பன்னிரு அப்போஸ்தலர்' எனப் பெயர்பெற்ற சுண்ணாம்புப் பாறைத் தூண்களின் அருகே, இருள் சூழும் வேளையில் கரையேறும் சிறு பென்குவின்கள். பெயர்தான் பன்னிரண்டு, 2005இல் ஒரு தூண் சரிந்தபின் எஞ்சியவை எட்டே.

அந்தி சாயுமுன் வண்டியை நிறுத்திவிடுவது அனுபவமுள்ளோர் வழக்கம். கங்காருக்கள் மேய்ச்சல் தேடிச் சாலையைக் கடக்கும் வேளை அது. அடிபட்டு இறந்த தாயின் வயிற்றுப்பையில் குட்டி உயிரோடிருக்கக்கூடும். ஆகவே ஆபத்தில்லாத இடமாயின், வழிச்செல்வோர் பலர் இறங்கிப் பையைப் பார்க்கின்றனர். முலைக்காம்பைப் பற்றியிருக்கும் குட்டியைப் பிடுங்காமல், வனவிலங்குகளை மீட்போருக்குச் செய்தி சொல்கின்றனர்.

பிந்திச் சேர்வதில் குறையொன்றுமில்லை, வாசகரே. ஓர் உயிருக்காக இறங்கி நிற்க நேரமில்லாத பயணமே குறையுள்ளது.