யாரை விடுவிக்கும் பத்திரம்?

சென்ற மாதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இரண்டு தாள்கள் என் மேசைக்கு வந்தன. அவை கட்சித் தீர்மானமோ அறிக்கையோ அல்ல. மும்பையில் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் தமிழ்த் தோழர் ஒருவர் அனுப்பியவை. அவரிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்பவர்கள்.

வேலையைத் தரும் கட்டுமான நிறுவனம் அந்த இரண்டு தாள்களையும் கையெழுத்திட்டுக் கேட்டிருக்கிறது. முதல் தாள் தொழிலாளர்களுக்கு உரியது: என் சொந்தப் பொறுப்பில் வேலை செய்கிறேன், விபத்து நேர்ந்தால் நானோ என் வாரிசுகளோ இழப்பீடு கோர மாட்டோம் என்பது அதன் சாரம். இரண்டாவது தோழருக்கு உரியது: விபத்தினால் நிறுவனத்துக்கு நேரும் செலவு அனைத்தையும் நானே ஈடு செய்வேன் என்பது. முதல் தாளைத் தமிழாக்கித் தருமாறு கேட்ட தோழர், “என்னைப் போன்ற சிறிய ஆளுக்கு இதுதானே தோழர் பாதுகாப்பு?” என்றார்.

தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகங்களில் இத்தகைய ஆவணத்துக்குப் பழகிய ஒரு பெயர் உண்டு. சொத்தில் தனக்குரிய பங்கை ஒருவர் விட்டுக்கொடுத்து எழுதுவது விடுதலைப் பத்திரம். உரிமையை இழப்பவர் எழுதித் தரும் தாளுக்கு விடுதலை என்று பெயர். இழப்பவருக்கு விடுதலை இல்லை, பெறுபவருக்கே விடுதலை. மும்பையிலிருந்து வந்த தாள்களில் விடுதலை பெறுபவர் யார் என்று பார்த்தேன். தொழிலாளியும் இல்லை, நம் தோழரும் இல்லை.

முதல் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலையில் நேரும் காயத்துக்கான இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை நாம் பல காரணங்களுக்காக எதிர்க்கிறோம். பழைய சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்ட அத்தொகுப்பும் இந்த விதியை நீக்கத் துணியவில்லை. பசித்தவன் இடும் கையெழுத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று கொள்ள முடியாது என்பதைக் காலனி ஆட்சியின் சட்டமே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உயிரிழப்பு நேர்ந்தபின் குடும்பத்தாரிடம் ஒரு தொகையைக் கொடுத்து எழுதி வாங்குவதும் பயன் தராது. அந்த இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்றது அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு.

இரண்டாம் தாளின் கதை வேறு. ஒருவருக்கு நேரும் இழப்பை இன்னொருவர் ஈடு செய்வதாக எழுதித் தருவதை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஏற்கிறது. தவிரவும், இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்ததாரர் மூலம் தன் இடத்தில் செய்விக்கும் நிறுவனம் அவருடைய ஆட்களுக்கும் இழப்பீடு தரக் கடமைப்பட்டிருந்தது. ஆனால் கொடுத்த தொகையை ஒப்பந்ததாரரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையும் அதற்கு இருந்தது.

இரு தாள்களையும் சேர்த்துப் பாருங்கள். தொழிலாளியிடமிருந்து தோழரைக் காப்பதாகச் சொல்லும் தாள் செல்லாது. தோழரிடமிருந்து நிறுவனத்தைக் காக்கும் தாள் செல்லும். முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் கயிறு அறுந்து இறந்தால், மாத ஊதியத்தை 15,000 ரூபாய் எனக் கொள்ளும் 1923ஆம் ஆண்டுச் சட்டக் கணக்கின்படி, அதில் பாதியை 207.98ஆல் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய் வருகிறது. அந்தத் தொகை மேலிருந்து கீழே உருண்டு வந்து நிற்கும் இடம் நம் தோழரின் வீடு. சிறு தொழிலைக் காக்கும் கவசம் என்று நீட்டப்பட்ட தாள், பெரு மூலதனத்தின் சுமையைச் சிறு உடைமையாளரின் தோளில் இறக்கி வைக்கும் கருவி.

வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கும் தாளுக்கும், சுவரில் எழுதி வைக்கும் ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்னும் வாசகத்துக்கும் பெரிதாக வலு இல்லை. டில்லி ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருட்டுப் போன வழக்கில், உரிமையாளரின் சொந்தப் பொறுப்பு என்று சீட்டில் அச்சடித்துவிட்டு, தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என 2019இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்து எது, பாதுகாப்பு எது என்று தெளிவாகச் சொல்லும் தாள் பயனுள்ளதே. உரிமையைப் பறிக்க முயலும் தாள்தான் வீண்.

அப்படியானால் சிறு ஒப்பந்ததாரர் எதை நம்புவது? முதலில் கயிற்றையும் பாதுகாப்புப் பெல்ட்டையும் தலைக்கவசத்தையும் நம்ப வேண்டும். அடுத்து, தொழிலாளர் இழப்பீட்டுக்கான காப்பீட்டை. உயரத்தில் செய்யும் வேலை என்பதை மறைக்காமலும், ஊதியத்தைக் குறைத்துக் காட்டாமலும் எடுத்த காப்பீடே விபத்து நாளில் கைகொடுக்கும். கூலிப் பதிவேட்டில் ஏழு பேரின் பெயரும் இருக்க வேண்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர்களைப் பதிவு செய்ய வேண்டும். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் செஸ் வசூலிக்கப்படுவது அவர்களுக்காகவே.

இவற்றுக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. குறைந்த விலைப்புள்ளி தருபவருக்கே வேலை என்னும் போட்டியில், காப்பீடு எடுப்பவர் எடுக்காதவரிடம் தோற்கிறார். தனி ஒருவரின் நேர்மையால் இதை வெல்ல முடியாது. காப்பீட்டுக் கட்டணத்தையும் பாதுகாப்புக் கருவிகளின் செலவையும் வேலை தரும் நிறுவனமே தனியாகத் தர வேண்டும் என்பதைத் தொழிற்சங்கமும் சிறு ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து கோர வேண்டும். ஏழு பேரை வைத்து வேலை செய்பவரும் அந்த ஏழு பேரும் எல்லாவற்றிலும் ஒரே நலன் உடையவர்கள் அல்லர்; கூலியில் முரண்பாடு உண்டு. இந்தக் கோரிக்கையில் அவர்கள் ஒரே பக்கத்தில் நிற்க முடியும். நிற்க வைப்பது நம் வேலை.

தோழர் கேட்ட தாளைத் தமிழாக்கினேன். அதன் கீழே 17ஆம் பிரிவையும் தமிழாக்கி, இரண்டையும் ஆட்களுக்குப் படித்துக் காட்டுங்கள் என்று எழுதி அனுப்பினேன். படித்துக் காட்டியிருக்கிறார். ஒருவரும் கையெழுத்திடவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. காப்பீட்டுச் செலவைச் சேர்த்துப் புதிய விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார். நிறுவனத்தின் பதில் இன்னும் வரவில்லை.