புதுப் பல்லும் கிராம்புத் தைலமும்

பல்வலியா, கிராம்புத் தைலம் வை என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. அந்த நம்பிக்கையில் சென்ற மாதம் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், சகோதரிகளே!

என் மாமியாருக்குக் கீழ்க் கடைவாயில் 'இம்ப்ளான்ட்' வைத்தார்கள். தாடை எலும்பில் சின்ன டைட்டானியம் திருகைப் பொருத்துவார்கள். எலும்பு அதோடு நன்றாக ஒட்டிக்கொண்ட பிறகு மேலே பல் கட்டுவார்கள். ஒட்டிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும்.

மறுநாள் ராத்திரி, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா" என்றார். பஞ்சைத் தைலத்தில் நனைத்துத் தையல் மேலேயே வைத்தேன். "ஐயோ, எரியுது, எடும்மா!" என்று துடித்துப் போனார். ஈறு வெளுத்துவிட்டது. விடிந்ததும் டாக்டரிடம் ஓடினோம். நல்ல வேளை, திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஆறாத புண்ணில் அந்தத் தைலம் பட்டா சதை வெந்துடும்மா" என்றார் டாக்டர்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்:

* முதல் நாள் கொப்பளிக்கவே கூடாது. உறைந்த ரத்தம் கலைந்துவிடும். கன்னத்தின் வெளியே துணியில் சுற்றிய ஐஸ் ஒற்றடம் போதும்.

* மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்ட பின் வாயில் மெதுவாக அலசித் துப்பலாம். வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம்.

* மஞ்சள்பொடியை அப்பாதீர்கள். துகள் தையலில் சிக்கும். குழைந்த பருப்பு சாதத்தில் சேர்ந்தால் தோஷமில்லை.

* திரிபலா கஷாயம் ஈறு சுத்தத்துக்கு நல்லது. ஆனால் தையல் பிரித்து, டாக்டர் சரி சொன்ன பிறகு, நன்றாக வடிகட்டித்தான் கொப்பளிக்க வேண்டும்.

* பூண்டு, மஞ்சள் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சிலருக்கு ரத்தம் நிற்கத் தாமதமாகும்.

இன்னொன்று. எலும்பும் திருகும் ஒட்டுவதற்கு எந்த மூலிகையும் குறுக்குவழி இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். சிகரெட்டும் வெற்றிலையோடு போடும் புகையிலையும் கூடாது. மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, திருகு ஆடினாலோ கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மாமியார் இப்போது உப்புத் தண்ணீரோடு சமர்த்தாக இருக்கிறார். தைலப் புட்டியை நான் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்!