வீங்கிய உதடும் கேளாத செவியும்

தம்பானூரில் நாகர்கோவில் பேருந்திலிருந்து இறங்குவோருள் மருத்துவம் நாடி வருவோரும் உண்டு. கையில் ஒரு துணிப்பை. உள்ளே மருந்துச் சீட்டு. மனநோய்க்கு மருந்து உண்போர் இவர்களிடையே இல்லாமலா போவர்? 1870இல் தோன்றிய ஊளம்பாறை மனநல மருத்துவமனை இந்நகரில்தானே இருக்கிறது! சீட்டில் ஆங்கிலம், மருத்துவர் வாயில் மலையாளம், வந்தவர் நெஞ்சில் தமிழ். குமரி மாவட்டத்தாருக்கு மலையாளம் புரியுமே என்பீர்கள். நலம் விசாரிக்கப் புரியும். மருந்தின் தீங்கைத் தெளிய அது போதுமா?

மனநோய் மருந்துகளை நான் பழிக்கவில்லை. 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் பயன்பட்டது முதல், அடைபட்டுக் கிடந்த எத்தனையோ பேர் வீடு திரும்பினர். ஆயினும் ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்ற மாத்திரைகள் மிக அரிதாகச் சிலருக்கு உதடு, இமை, நாக்கு ஆகியவற்றைத் திடீரென வீங்கச் செய்கின்றன. வீக்கம் தொண்டையில் இறங்கினால் மூச்சே அடைபடும். இரத்தக் கொதிப்புக்கு உண்ணும் சில மாத்திரைகளும் இதே வீக்கத்தைத் தருவதால், உண்பது அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். நாக்குத் தடித்ததென்று நோயாளி சொல்வது வீக்கமாக இல்லாமல், இம்மருந்துகளால் வரும் தசை இறுக்கமாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. எதுவென்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. வீட்டார் வேலை உடனே கொண்டு சேர்ப்பது.

ஆனால் வீட்டார் நம்புவார்களா? அங்கேதான் கொடுமை! "சோற்றில் நஞ்சு வைக்கிறார்கள்" என்று நெடுநாள் புலம்பியவன், இன்று "மாத்திரை தின்றேன், உதடு வீங்குகிறது" என்கிறான். பழைய பாட்டு என்று தள்ளிவிடுகிறார்கள். கண்ணாடியில் தெரியும் வீக்கத்தைக்கூட மனநோயாளி சொன்னால் ஐயுறும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பிறகு அவனும் ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவான், நோய் திரும்பும், அதற்கும் அவனையே ஏசுவோம்.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மருந்தின் அறியப்பட்ட பக்க விளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. ஏட்டிலுள்ள உரிமையைச் செவிக்குக் கொண்டுசெல்ல ஒரு நாக்கு வேண்டாமா? நம் சங்கத்தில் மருத்துவம் பயில்வோர் இருக்கின்றனர், இருமொழியும் அறிந்தோர் பலர் இருக்கின்றனர். பொங்கல் விழாவுக்குத் திரளும் கூட்டத்தில் பத்துப் பேர், மருத்துவமனை இசைந்தால், வாரம் ஒரு காலை புறநோயாளர் பகுதியில் மொழிபெயர்த்து நிற்கலாம். வீக்கம் கண்டவர் மூச்சுத் திணறினால் 108ஐ அழைக்கவும், உயிர் தப்பிய பின் அதை மருந்துக் கண்காணிப்புக்கான 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் தெரிவிக்கவும் சொல்லித் தரலாம். மருத்துவர் மட்டுமன்றி, நோயாளியோ வீட்டாரோகூட அங்கே தெரிவிக்கலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?